பதம்: ஆந்திர எல்லையில் இரும்பு பேசும் மொழி

குப்பம் பக்கத்தில் கல் உடைக்கும் ஆட்கள் விடிந்ததும் முதலில் போவது குவாரிக்கு இல்லை, கொல்லன் பட்டறைக்கு. முந்தின நாள் கருங்கல்லில் அடித்து நுனி மழுங்கிப்போன உளிகளைச் சாக்கில் சுருட்டிக்கொண்டு வந்து உலைக்கு முன்னால் கொட்டுவார்கள். ஆளுக்குப் பத்து, பன்னிரண்டு இருக்கும். கடப்பாரை காய்ச்ச அப்பாவோடு போய், அந்தப் பட்டறை வாசலில் உட்கார்ந்து பார்த்தே எனக்கு இரும்பு பழக்கமானது. பட்டறை இன்னும் இருக்கிறது. வாரத்தில் மூன்று நாள்தான் உலை எரிகிறது.

ஒரு உளிக்கு நுனி எடுப்பதைக் கிட்ட நின்று பார்த்தால் ஐந்து நிமிட வேலை. கரி நெருப்பில் நுனி நன்றாகச் சிவந்ததும் குறட்டால் எடுத்துப் பட்டடைக்கல்லில் வைத்து நாலு பக்கமும் அடித்துக் கூராக்குவார் ஆச்சாரி. திரும்ப உலையில் வைத்துச் சிவக்க விடுவார். இந்த முறை எடுத்ததும் முழு உளியையும் தண்ணீரில் போட மாட்டார். நுனியில் ஒரு விரற்கடை அளவு மட்டும் தண்ணீர் காட்டிச் சட்டென்று எடுத்துவிடுவார். நுனி குளிர்ந்திருக்கும், மேலே உடம்பு இன்னும் சிவப்பாக இருக்கும். குளிர்ந்த நுனியைச் செங்கல்லில் இரண்டு தேய் தேய்த்துப் பளபளப்பாக்கிக் கண்ணுக்கு நேரே பிடிப்பார். அப்போது மேலிருக்கும் சூடு மெல்ல நுனிக்கு இறங்கும். அது இறங்குவதை வண்ணத்தில் பார்க்கலாம். முதலில் வைக்கோல் மஞ்சள், பிறகு அடர்ந்த மஞ்சள், பழுப்பு, கத்தரிப்பூ நிறம், நீலம். எல்லாம் சில நொடிகளுக்குள். மஞ்சளிலேயே எடுத்தால் உளி கல்லில் பட்டதும் நுனி தெறிக்கும். நீலம் வரை விட்டால் நுனி மடங்கும். இரண்டுக்கும் நடுவில், பழுப்பு கத்தரிப்பூவாக மாறப்போகும் அந்த இடத்தில் முழு உளியையும் தண்ணீரில் அமுக்குவார்.

“பதம் விழுந்துருச்சு” என்பார். பக்கத்தில் நிற்கும் தெலுங்குக்காரர் தன் உளியை நீட்டி, “பதுனு பெட்டு ஆச்சாரி” என்பார். கோலார் பக்கமிருந்து வேலைக்கு வந்தவர் வாயில் அதுவே “ஹத” ஆகிவிடும். பதம், பதுனு, ஹத மூன்றும் ஒரே வேரில் பிறந்த சொற்கள். கன்னடத்தில் சொல்லுக்கு முன்னிருந்த பகரம் ஹகரமாகத் திரிந்தது, பால் என்பது ஹாலு ஆனதைப் போல. குப்பத்தில் திராவிடப் பல்கலைக்கழகம் 1997-இல் வந்தது. ஆனால் திராவிட மொழிகளின் உறவை அதற்கு வெகு காலம் முன்பே எங்களுக்குப் பட்டறை சொல்லிக்கொடுத்துவிட்டது.

இந்தச் சொல்லின் விரிவைப் பாருங்கள். பாகு பதம், சோற்றுப் பதம், மண் பதம் என்கிறோம். மழை பெய்து இரண்டு நாள் கழித்து ஏர் பூட்டத் தோதாக மண் இருக்கும் நிலையைத் தெலுங்கிலும் பதுனு என்றுதான் சொல்வார்கள். கத்தியின் கூரும் பதுனு, மண்ணின் ஈரமும் பதுனு. ஒரு பொருள் கூடுதலும் குறைவும் இல்லாமல் வேலைக்கு ஆகிற நிலைக்கு வருவதை இந்த மூன்று மொழிக்காரர்களும் ஒரே சொல்லால் குறித்தார்கள். இரும்பைப் பற்றி எழுத உட்கார்ந்தால் எனக்கு முதலில் தோன்றுவது இதுதான். இரும்பு என்று ஒற்றைப் பொருள் ஒன்று கிடையாது. எந்தப் பதத்தில் இருக்கிறது என்பதே அதன் பெயரையும் குணத்தையும் முடிவு செய்கிறது. அந்த அறிவு நம் பேச்சில் இன்னும் உயிரோடு இருக்கிறது, பட்டறைகள் மூடிக்கொண்டு வந்தாலும்.

உளிக்குள் நடப்பது இது. எஃகு என்பது இரும்பும் அதில் கலந்த கொஞ்சம் கரியும், அதாவது கார்பனும். நன்றாகச் சிவக்கக் காய்ச்சும்போது இரும்பு அணுக்களின் அடுக்கே மாறுகிறது, கரி அணுக்கள் அந்த அடுக்குக்குள் கரைந்து போகின்றன. மெதுவாக ஆறவிட்டால் கரி பிரிந்து தனியாக ஒதுங்கிக்கொள்ளும். சட்டென்று தண்ணீரில் போட்டால் ஒதுங்க நேரமில்லாமல் உள்ளேயே சிக்கிக்கொள்ளும். அணுக்களின் அடுக்கு இறுகி நெளிய முடியாமல் போகும். அதனால் கடினம் கூடும், கூடவே கண்ணாடி போல உடையும் குணமும் வரும். மறுபடி 200 முதல் 300 டிகிரி வரை மிதமாகச் சூடு ஏறினால் சிக்கிய கரியில் கொஞ்சம் விடுபடும், உடையும் குணம் குறையும். ஆச்சாரி பார்த்த வண்ணம் இரும்பின் நிறம் இல்லை. அதன் மேல் படரும் துரு ஏட்டின் தடிமன் மாற மாற ஒளி வேறு வேறாகத் தெரிகிறது. வைக்கோல் மஞ்சள் என்றால் ஏறத்தாழ 220, 230 டிகிரி. நீலம் என்றால் 300-ஐ ஒட்டி. வெப்பமானி இல்லாத காலத்திலிருந்து இந்த வண்ண வரிசைதான் கொல்லனின் அளவுகோல்.

வீடு கட்டுகிறவர்கள் எல்லோரும் டிஎம்டி கம்பி என்ற பெயரைக் கேட்டிருப்பீர்கள். ஆலையில் சிவக்கச் சிவக்க உருண்டு வரும் கம்பியின் மேல் தண்ணீரைப் பீய்ச்சி அடிப்பார்கள். மேல்தோல் உடனே குளிர்ந்து கடினமாகும். நடுவில் மிச்சமிருக்கும் சூடு வெளியே வந்து அந்தத் தோலை மிதமாகக் காய்ச்சிப் பதப்படுத்தும். வெளியே வலுவும் உள்ளே நெகிழ்வும் உள்ள கம்பி கிடைக்கும். உளியில் சூடு மேலிருந்து நுனிக்கு இறங்குகிறது, கம்பியில் உள்ளிருந்து வெளியே வருகிறது. மிச்சச் சூட்டை வைத்தே பதம் போடும் யுக்தி இரண்டிலும் ஒன்று. இதை முதன்முதலில் ஒரு பொறியாளர் எனக்கு விளக்கியபோது, “இதை எங்க ஊர் பட்டறையில பார்த்திருக்கேனே” என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன்.

கரியின் அளவுதான் இரும்புக் குடும்பத்தைப் பிரிக்கிறது. மிகக் குறைவாக இருந்தால் தேனிரும்பு, வளையும், ஒட்டும், உடையாது. நூற்றுக்கு 2 பங்குக்குக் கீழே இருந்தால் எஃகு. அதற்கு மேல் 4 வரை போனால் வார்ப்பிரும்பு. சுத்த இரும்பு உருக 1,538 டிகிரி வேண்டும், வார்ப்பிரும்பு ஏறத்தாழ 1,200 டிகிரியிலேயே உருகி அச்சில் ஓடும். தோசைக்கல்லை அடித்துச் செய்யாமல் வார்த்துச் செய்வதற்கும், அது கை தவறிக் கீழே விழுந்தால் இரண்டாக உடைவதற்கும் இந்தக் கரிதான் காரணம்.

எங்கள் வட்டாரத்தில் இரும்பு எப்போது வந்தது என்ற கேள்விக்கு அண்மையில் பெரிய பதில் கிடைத்தது. குப்பத்திலிருந்து அதிக தூரமில்லை, கிருஷ்ணகிரி மாவட்டத்தின் மயிலாடும்பாறை. அங்கே அகழாய்வில் இரும்போடு கிடைத்த மாதிரிகளுக்குக் கி.மு. 2172 என்றும் கி.மு. 1615 என்றும் காலம் கணிக்கப்பட்டதைத் தமிழ்நாடு அரசு 2022-இல் அறிவித்தது. 2025 ஜனவரியில் தூத்துக்குடி மாவட்டச் சிவகளையிலிருந்து கி.மு. 3345 என்ற காலக்கணிப்பும் வெளியானது. கிடைத்த கரித்துண்டின் காலமும் அதனருகே இருந்த இரும்பின் காலமும் ஒன்றுதானா என்ற கேள்வியை ஆய்வாளர்கள் எழுப்புகிறார்கள், அது நியாயமான கேள்வி. எப்படிப் பார்த்தாலும் இந்தச் செம்மண் மேட்டு நிலத்தில் இரும்பு மிகப் பழைய குடி. மண்ணின் சிவப்பே இரும்புத் துருவின் சிவப்புதான்.

உருக்கிய இடத்தில் மிஞ்சும் கசடுக்குத் தமிழில் கிட்டம், சிட்டம் என்று பெயர். தெலுங்கில் சிட்டெமு. கையில் எடுத்தால் கல்லைவிடக் கனமாக, கண்ணாடி போல மினுங்கிக்கொண்டு, குமிழி விட்டுக் கிடக்கும். பழைய கரி உலைகளில் இரும்பு உருகி ஓடாது, கசடுதான் உருகி வடியும். இரும்பு பஞ்சு போன்ற கட்டியாக அடியில் தங்கும். அதை எடுத்துத் திரும்பத் திரும்பக் காய்ச்சி அடித்துத்தான் கசடைப் பிழிந்து எடுக்க வேண்டும். “இளகின இரும்பைக் கண்டால் கொல்லன் தூக்கித் தூக்கி அடிப்பான்” என்ற பழமொழியை இளைத்தவனை எல்லோரும் ஏய்ப்பதற்குச் சொல்கிறோம். கொல்லனுக்கு அது தொழில் விதி. இளகியிருக்கும் அந்தச் சில நொடிகளை விட்டால் திரும்ப ஒரு கூடை கரி செலவு.

இந்த இரும்பைக் குகை எனப்படும் சிறு மண் கிண்ணத்துக்குள் வைத்து வாயை மண்ணால் அடைத்துக் காய்ச்சியபோது கிடைத்ததுதான் உலகம் தேடி வந்த உருக்கு. ஜோசையா மார்ஷல் ஹீத் என்ற கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி 19-ஆம் நூற்றாண்டில் பழைய சேலம் ஜில்லாவின் முறையை எழுதிவைத்தார். கிருஷ்ணகிரியும் அப்போது சேலத்தில்தான் இருந்தது. குகைக்குள் இரும்புத் துண்டோடு காய்ந்த ஆவாரம் விறகையும் வைத்து, மேலே எருக்கிலை மூடுவார்களாம். காற்றுப் புகாத இடத்தில் விறகும் இலையும் கரியாகி, அந்தக் கரி இரும்புக்குள் ஏறும். சாலையோரம் கேட்பாரற்று நிற்கும் எருக்கும், பொங்கலுக்குக் காப்புக் கட்டப் பறிக்கும் ஆவாரையும் எஃகு செய்யும் சரக்குகள்! இதே ஹீத் பரங்கிப்பேட்டையில் இரும்பாலை தொடங்கினார். கரிக்கு வெட்டிய காட்டால் ஆலைக்கு ஈடுகொடுக்க முடியவில்லை, நிலைக்கவில்லை.

அந்த உருக்கை ஐரோப்பியர் ஊட்ஸ் என்று அழைத்தார்கள். ஜார்ஜ் பியர்சன் 1795-இல் லண்டன் ராயல் சொசைட்டியில் அதைப் பற்றிக் கட்டுரை படித்தார். பின்னாளில் மைக்கேல் ஃபாரடேயும் அதை ஆராய்ந்தார். கன்னடத்திலும் தெலுங்கிலும் எஃகுக்கு வழங்கும் உக்கு என்ற சொல்லே வாய்மாறி ஊட்ஸ் ஆனது என்பது பரவலான கருத்து. உக்கு, தமிழின் உருக்கோடு ஒரு தாய்ப் பிள்ளை. உருகு, உருக்கு, உக்கு. சேலம் உருக்காலைப் பெயர்ப்பலகையில் ஒரு வடிவமும், 1966-இல் விசாகப்பட்டினத்துக்கு உருக்காலை கேட்டு ஆந்திரம் முழுவதும் முழங்கிய “விசாக உக்கு, ஆந்துருல ஹக்கு” என்ற கோஷத்தில் இன்னொரு வடிவமும் வாழ்கின்றன. ஹக்கு என்றால் உரிமை. அந்தப் போராட்டத்தில் உயிர்ப்பலி நேர்ந்தது. 1971-இல் விசாகப்பட்டினம் ஆலைக்கு அடிக்கல் நாட்டினார்கள். எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் பலருக்கு அந்த எதுகை இன்றும் நாக்கு நுனியில் இருக்கிறது.

எல்லையில் வாழ்கிறவர்களுக்கு ஒரு வசதி உண்டு. ஒரு மொழியில் மறைந்த சொல் பக்கத்து வீட்டில் உயிரோடு இருக்கும். பழந்தமிழில் பொன் என்றால் உலோகம் எல்லாவற்றுக்கும் பொது. செம்பொன், வெண்பொன், கரும்பொன் என்று நிறத்தால் பிரித்தார்கள். கரும்பொன் என்றால் இரும்பு. இன்று யாரும் அப்படிச் சொல்வதில்லை. ஆனால் கன்னடத்தில் இரும்புக்கு கப்பிண என்றுதான் பெயர். கரு, பொன் இரண்டும் சேர்ந்து உருகிய சொல் அது. “அரம்பொருத பொன்போலத் தேயும்” என்ற குறளில் வரும் பொன்னை இரும்பு என்று உரை சொல்வதன் காரணம் கோலார்ச் சந்தையில் நின்றால் விளங்கும். தெலுங்கின் இனுமு நம் இரும்புக்கு உறவு. கொல்லன் என்ற சொல்லின் வேர் தெலுங்கில் கொலிமி என்று உலைக்குப் பெயராக நிற்கிறது. சம்மட்டி அங்கே சம்மெட்ட. பூட்டுக்கும் இப்படி ஒரு கதை உண்டு. தெலுங்கில் தாளமு. நமக்கோ தாழ் என்பது தாழ்ப்பாளில் மட்டும் தங்கிவிட்டது, “அன்பிற்கும் உண்டோ அடைக்கும் தாழ்” என்று குறளில் இருக்கிறது, திறக்கும் கருவிக்குப் போர்ச்சுக்கீசியரிடமிருந்து சாவியை வாங்கிக்கொண்டோம்.

பழமொழிகளும் அப்படியே கைமாறுகின்றன. “இனுமுதோ கூடின அக்னிக்கி சம்மெட்ட போட்லு” என்பார்கள் தெலுங்கில். இரும்போடு சேர்ந்த நெருப்புக்கும் சம்மட்டி அடி விழும் என்று பொருள். சேராத இடம் சேர்ந்த பிள்ளையைப் பற்றிப் பேசும்போது எங்கள் வீட்டுத் தமிழிலும் இந்தத் தெலுங்கு வரி அப்படியே வந்து விழும். எனக்கு மிகப் பிடித்தது தெலுங்குக் கவி வேமனாவின் பாட்டு. ஆந்திரப் பள்ளிக்கூடத்தில் படித்த தமிழ்ப் பிள்ளைகளுக்கும் அது மனப்பாடம். “இனுமு விரிகெனேனி” என்று தொடங்கும். இரும்பு முறிந்தால் இரண்டு முறை, மூன்று முறை காய்ச்சி ஒட்டிவிடலாம், மனம் முறிந்தால் ஒட்டுமா என்று கேட்கிறார்.

வாத்தியார் எங்களுக்கு மனத்தை மட்டும் விளக்கினார். இரும்பைப் பட்டறையில்தான் பார்த்தேன். முறிந்த இரண்டு முனைகளையும் சிவப்பு தாண்டி, மஞ்சள் தாண்டி, வெள்ளைக்குக் கிட்ட வரும்வரை காய்ச்சுகிறார்கள். மேலே மணல் தூவுகிறார்கள். மணல் உருகி, மேலே படிந்த செதிலையும் கரைத்துக்கொண்டு வழிந்துவிடும். சுத்தமான இரும்பும் சுத்தமான இரும்பும் தொடும்போது அடித்தால் ஒன்றாகிவிடும். முதல் சூட்டில் எப்போதும் ஒட்டாது. ஆறும், திரும்பக் காய்ச்ச வேண்டும், திரும்ப அடிக்க வேண்டும். “இனுமாரு மும்மாரு”, இரண்டு முறை மூன்று முறை என்று வேமனா சொன்னது தொழில் தெரிந்தவர் வாக்கு. புறநானூற்று 21-ஆம் பாட்டிலும் அதே நுணுக்கம். கானப்பேர்க் கோட்டையை மீட்க முடியாது என்பதற்கு, கருங்கைக் கொல்லன் செந்தீயில் மாட்டிய “இரும்பு உண் நீரினும் மீட்டற்கு அரிது” என்று உவமை வருகிறது. சிவந்த இரும்பில் பட்ட தண்ணீரைத் திரும்ப எடுக்க முடியுமா? அந்த ‘உண்’ என்ற சொல்லைக் கவனியுங்கள். பட்டறையில் நின்று அந்த ‘சொய்ங்’ சத்தத்தைக் கேட்டவருக்கே இரும்பு தண்ணீரைக் குடிப்பதாகத் தோன்றும்.

மாட்டு வண்டிச் சக்கரத்துக்குப் பட்டை கட்டுவதை இன்றைய பிள்ளைகள் பார்த்திருக்க வாய்ப்பில்லை. மரச்சக்கரத்தைவிடக் கொஞ்சம் சின்னதாக இரும்பு வளையம் அடித்து, அதைச் சுற்றி வறட்டி அடுக்கி எரிப்பார்கள். ஐந்தடி விட்டமுள்ள வளையம் 500 டிகிரி சூடு ஏறினால் சுற்றளவு ஏறத்தாழ 3 சென்டிமீட்டர் நீளும். நாலு பேர் குறட்டால் தூக்கி வந்து சக்கரத்தில் இறக்குவார்கள். மரம் புகைந்து தீப்பிடிக்கும் நேரத்தில் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றுவார்கள். இரும்பு சுருங்கச் சுருங்க ஆரக்கால்கள் எல்லாம் முறுக்கிக்கொண்டு கிறீச்சிடும். ஆணி இல்லாமலே பட்டை இறுகிவிடும். அதற்குப் பிறகு அச்சாணி. உருளும் பெருந்தேருக்கு அச்சாணி போன்றவர்கள் இருக்கிறார்கள், உருவத்தைக் கண்டு இகழாதே என்ற குறளை நான் சக்கரத்தின் முனையில் விரல் நீளத்தில் தொங்கிய அந்தத் துண்டு இரும்பைப் பார்த்த பிறகே உணர்ந்தேன்.

சமையலறைக்கு வருகிறேன். இரும்பில் செய்த தோசைக்கல்லை நாம் இன்னும் கல் என்கிறோம். தெலுங்கில் பெனம். புதுக்கல்லைப் ‘பழக்க’ வேண்டும் என்பது எல்லா வீட்டிலும் உள்ள பேச்சு. எண்ணெய் தடவிக் காய்ச்சக் காய்ச்ச, எண்ணெய் இறுகிப் பிசின் போலாகி இரும்பின் நுண்துளைகளை மூடிக்கொள்கிறது. அதனால்தான் பழகிய கல்லில் தோசை ஒட்டாது, சோப்புப் போட்டு அழுத்தித் தேய்த்தால் கல் மறுபடி ‘முரண்டு’ பிடிக்கும். சித்தூர்ச் சீமைக்குப் பேர் வாங்கித் தந்த வெல்லமும் இரும்புக் கொப்பரையில்தான் வேகிறது. அங்கே பாகு பதம் பார்க்கிறவரும் பட்டறை ஆச்சாரியும் ஒரே கண் உள்ளவர்கள். ஒரு நிமிடம் முந்தினால் கட்டி பிடிக்காது, பிந்தினால் கருகும்.

புளிக்குழம்பும் தக்காளித் தொக்கும் இரும்புச் சட்டியில் கொதித்தால் அந்தப் புளிப்பு கொஞ்சம் இரும்பைக் கரைத்து உணவில் சேர்க்கும். நம் உடம்பில் இருப்பதே மொத்தம் 3 முதல் 4 கிராம் இரும்புதான், ஒரு சின்ன ஆணி அளவு. அதில் பெரும்பங்கு ரத்தத்தின் சிவப்பில் இருந்து மூச்சுக்காற்றைச் சுமக்கிறது. 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி 15 முதல் 49 வயதுப் பெண்களில் ரத்தசோகை உள்ளவர்கள் ஆந்திரத்தில் நூற்றுக்கு 58.8, தமிழ்நாட்டில் 53.4. எல்லைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பாதிக்கு மேற்பட்ட பெண்கள் இரும்பு போதாமலோ வேறு காரணத்தாலோ வெளுத்து, மூச்சு வாங்கிக்கொண்டு உழைக்கிறார்கள். செம்மண்ணில் இவ்வளவு இரும்பை வைத்துக்கொண்டு நம் பெண்கள் உடம்பில் அது இல்லை என்பது எனக்கு ஆறாத வருத்தம். சட்டியை மாற்றினால் மட்டும் இது தீராது, மாத்திரையும் கீரையும் எலுமிச்சையும் சாப்பாட்டோடு டீ குடிக்காமல் இருப்பதும் எல்லாம் வேண்டும். ஆனாலும் பாட்டியின் இரும்புச் சட்டியைப் பழைய சாமான்காரனுக்குப் போட்டுவிட்டு ஒட்டாத பூச்சுச் சட்டி வாங்கியதில் நாம் ஒன்றை இழந்தோம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். வலிப்பு வந்தவர் கையில் சாவிக்கொத்தைத் திணிக்கும் வழக்கம் எங்கள் பக்கம் மூன்று மொழிக்காரரிடமும் இருக்கிறது. பேருந்து நிலையத்தில் ஒரு இளைஞர் விழுந்தபோது பத்துப் பேர் இரும்பைத்தான் தேடினார்கள். ஒருவரும் அவரைப் புரட்டிப் படுக்க வைக்கவில்லை. வலிப்பு பெரும்பாலும் சில நிமிடங்களில் தானாக அடங்கும். அந்த நேரத்தில் சாவி கொடுத்ததால், கொடுத்ததுதான் நிறுத்தியது என்று நம்பிக்கை வந்துவிட்டது. ஒருக்களித்துப் படுக்க வைத்து, தலைக்கடியில் துணி வைத்து, வாயில் எதையும் போடாமல், ஐந்து நிமிடத்துக்கு மேல் நீடித்தால் ஆம்புலன்ஸை அழைப்பதே அவருக்குச் செய்யும் உதவி. இரவில் கறி கொண்டுபோகும்போது இரும்புத் துண்டு வைப்பதை நான் குறை சொல்ல மாட்டேன், அதனால் யாருக்கும் கேடில்லை. வலிப்பு அப்படியில்லை.

கலைக்கு வருவோம். எல்லைப் பகுதியில் கிருஷ்ணகிரி, சித்தூர், கோலார் எங்கும் நடுகற்கள் நிற்கின்றன. ஆநிரை மீட்கப் போய் விழுந்த வீரன் கையில் வாள் இருக்கும். செதுக்கிய வாளைப் பார்க்கிறோம், செதுக்கிய உளியை மறந்துவிடுகிறோம். ஏழாம் நூற்றாண்டில் மகேந்திரவர்ம பல்லவன் மண்டகப்பட்டுக் குடைவரையில், செங்கல் இல்லாமல், மரம் இல்லாமல், உலோகம் இல்லாமல், சுண்ணாம்பு இல்லாமல் இந்தக் கோயிலைச் செய்தேன் என்று பெருமையாகப் பொறித்து வைத்தான். அந்தக் கருங்கல்லைக் குடைந்தது எஃகு உளிகள். அவற்றுக்குத் தினமும் பதம் போட்ட கொல்லர்கள் கல்வெட்டில் இல்லை. குவாரிக்காரர்களின் உளிச் சாக்கைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மண்டகப்பட்டு நினைவுக்கு வரும்.

இரும்பே நேராக ஓவியமாவதைப் பார்க்க வேண்டுமானால் காளஹஸ்திக்குப் போக வேண்டும். நாம் திருக்காளத்தி என்று பாடும் ஊர். அங்கே மூங்கில் குச்சியைக் கூராக்கி, நடுவில் துணி சுற்றி, அந்தத் துணியை மசியில் நனைத்துப் பிழிந்து பிழிந்து வரைவதுதான் கலம்காரி என்ற துணி ஓவியம். கமலாதேவி சட்டோபாத்யாய் போன்றவர்கள் 1950-களில் தூக்கி நிறுத்தியிராவிட்டால் அது மறைந்திருக்கும். அந்த ஓவியத்தின் கருங்கோடு முழுக்க இரும்பு. ஒரு கலைஞர் வீட்டுப் பின்கட்டில் பார்த்தேன். பானை நிறையத் துருப்பிடித்த ஆணி, உடைந்த லாடம், பழைய தகடு. அதோடு வெல்லம் கரைத்த தண்ணீர். துணியால் வாயைக் கட்டி இரண்டு மூன்று வாரம் வைக்கிறார்கள். வெல்லம் புளிக்கிறது, புளிப்பு இரும்பைத் தின்கிறது. மூடியைத் திறந்தபோது காடியும் துருவும் கலந்த நெடி மூக்கில் ஏறியது. தண்ணீரோ வெறும் மங்கிய பழுப்பு நிறம். இதிலா கருப்பு வரும் என்று நினைத்தேன்.

துணியை முன்பே கடுக்காய்ச் சாற்றிலும் எருமைப் பாலிலும் தோய்த்துக் காய வைத்திருந்தார். கடுக்காயின் துவர்ப்பு நூலில் ஏறியிருக்கும். பாலின் கொழுப்பு மசி பரவாமல் தடுக்கும். அந்த வெளிர் மஞ்சள் துணியில் குச்சியை வைத்து ஒரு கோடு இழுத்தார். குச்சி போன இடத்தில் பழுப்பு நீர், குச்சிக்குப் பின்னாலேயே கருப்பு! துவர்ப்பும் இரும்பும் சந்தித்த அந்தக் கணத்தில் நிறம் பிறந்துவிடுகிறது. துவைத்தாலும் போகாது. மசி பக்குவமாகிவிட்டதா என்று எப்படித் தெரியும் என்று கேட்டேன். ஒரு சொட்டை எடுத்துக் கடுக்காய்த் துணியின் ஓரத்தில் விட்டுக் காட்டி, “பதுனு வச்சிந்தி” என்றார். பதம் வந்துவிட்டது! என் ஊர்ப் பட்டறையின் சொல்லை ஓவியர் வீட்டுப் பின்கட்டில் கேட்டபோது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது.

கெங்கம்மா கோயில் சூலத்தில் குத்திய எலுமிச்சம்பழம் இரண்டே நாளில் கருத்துப்போவதிலும் இதே இரும்பும் புளிப்பும் வேலை செய்கின்றன. திருஷ்டியை இழுத்துக்கொண்டது என்பார் பாட்டி.

வரைபடத்தில் எங்கள் எல்லை அடிக்கடி நகர்ந்தது. 1911-இல் வட ஆர்க்காட்டிலிருந்து சித்தூர் ஜில்லா பிரிந்தது, 1960-இல் திருத்தணி சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. பழைய இரும்பு மட்டும் எந்தக் கோட்டையும் மதித்ததில்லை. “பழைய இரும்புக்குப் பேரீச்சம்பழம்” என்று கூவிய காலம் போய், இப்போது ஒலிபெருக்கி கட்டிய டெம்போவில் “பாத இனுப சாமான்லு” என்ற பதிவு ஓடுகிறது. அதில் போகும் சரக்கில் கொல்லன் தேடுவது லாரியின் ஸ்பிரிங் பட்டை. நூற்றுக்கு அரைப் பங்குக்குச் சற்று மேல் கரி உள்ள எஃகு அது. பல லட்சம் முறை வளைந்து நிமிரவே பிறந்தது. அரிவாளுக்கும் கொடுவாளுக்கும் அதைவிடத் தோதான இரும்பு கிராமத்தில் கிடைக்காது. பெங்களூர் சாலையில் ஓடி ஓய்ந்த லாரியின் பட்டை எங்கள் ஊரில் கரும்பு வெட்டுகிறது.

போன மாதம் அம்மாவின் அரிவாள்மனையை எடுத்துக்கொண்டு பட்டறைக்குப் போனேன். அலகு தேய்ந்து பாதியாகிவிட்டது, காய் நறுக்கினால் நசுங்குகிறது. ஆச்சாரி அதைச் சாணைச் சக்கரத்தில் ஒரு நொடி தொட்டார். தீப்பொறி நீளமாக, கிளை விடாமல் பறந்தது. “கரி கம்மி, பழைய இரும்பு. எவ்வளவு தீட்டினாலும் நிக்காது” என்றார். மூலையில் கிடந்த பட்டைத் துண்டைத் தொட்டார். பொறி மத்தாப்பு மாதிரி நுனியில் வெடித்துக் கிளைத்தது. “இதுல செஞ்சு தர்றேன்.” காய்ச்சி, வளைத்து, முனையை மட்டும் தண்ணீர் காட்டி, செங்கல்லில் தேய்த்து, என் பக்கம் திருப்பினார். உளிக்குக் குவாரி ஆட்கள் வருவது குறைந்துவிட்டது, கார்பைடு முனை வைத்த துளைப்பான்கள் வந்துவிட்டன, அதனால் அவருக்கு நேரம் இருந்தது.

“எப்ப எடுக்கணும், நீ சொல்லுப்பா” என்றார்.

வைக்கோல் மஞ்சள் விளிம்பில் எழுந்து மெல்ல அடர்ந்தது. “இப்ப” என்றேன். அவர் அசையவில்லை. நான் மூச்சுவிடும் நேரம்தான். மஞ்சளின் ஓரத்தில் பழுப்பு ஒரு நூல் அளவு படர்ந்தது. தண்ணீரில் அமுக்கினார்.

“காய் நறுக்க இது” என்று சொல்லி, ஈரம் சொட்டச் சொட்ட என் கையில் கொடுத்தார்.